ஓய்வூதியரும் இரு மருத்துவ அட்டைகளும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகும். உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வருவோர், அதனோடு வேறு சில ஐயங்களையும் நம்மிடம் கேட்பது வழக்கம். புனே கேம்ப் பகுதியில் இவ்வழக்கம் சற்று அதிகம். தெற்குப் பிராந்திய ராணுவத் தலைமையகமும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகமும் அமைந்துள்ள இந்நகரில், பணி நிமித்தம் வந்து ஓய்வுக்குப் பின்னும் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களிடையே அண்மைக் காலமாக எழும் வினா ஒன்று: "சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறது, எழுபது வயதும் நிறைந்துவிட்டது. ஆயுஷ்மான் அட்டையையும் பெற்றுக்கொள்ளலாமா?"

விடை காணுமுன், இரண்டின் இயல்பையும் அறிதல் நலம்.

மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமாகிய சி.ஜி.எச்.எஸ்., 1954-இல் தில்லியில் தொடங்கப்பெற்றது. புனேயும் அதன் எல்லைக்குள் அடங்கும். மருத்துவ ஆலோசனை, மாதந்தோறும் மருந்து, மருத்துவமனைச் சிகிச்சை ஆகிய மூன்றையும் இது தருகிறது. ஆண்டு உச்சவரம்பு இல்லை; ஆயின் செலவு அரசு நிர்ணயித்த கட்டணத்திற்கு உட்பட்டது. பத்தாண்டுச் சந்தாவை ஒரே தவணையில் செலுத்தினால் அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லும். 2017 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விகிதப்படி, ஊதிய நிலை 6-இல் ஓய்வு பெற்றவருக்கு மாதச் சந்தா ரூ.450, வாழ்நாள் சந்தா ரூ.54,000. முன்னாள் படைவீரர்களுக்கு, 2003 ஏப்ரல் 1 முதல் இ.சி.எச்.எஸ். என்னும் தனித் திட்டம் நடைமுறையில் உள்ளது.

ஆயுஷ்மான் பாரத் திட்டமோ, 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 2024 அக்டோபர் 29 முதல் விரிவாக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் மூத்தோருக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். ஆனால் இது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மருந்துச் செலவு இதில் அடங்காது.

சி.ஜி.எச்.எஸ்., இ.சி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டங்களில் உள்ளோர் இரண்டையும் ஒருசேர அனுபவிக்க இயலாது. பழையதில் தொடரலாம், அன்றிப் புதியதைத் தேரலாம். இத்தெரிவு ஒருமுறை மட்டுமே உண்டு. எனவே, "இலவசமாகக் கிடைக்கிறதே" என்று அட்டைக்குப் பதிவு செய்யுமுன், கைவிடப்போவது எது என்று கணக்கிட வேண்டும். 72 வயதுக் கணவருக்கு 66 வயது மனைவி இருப்பாராயின், மனைவி மூத்தோர் திட்டத்தின்கீழ் வாரார். கணவரின் அட்டையைச் சார்ந்து அவர் பெற்றுவந்த சிகிச்சை என்னாகும் என்பதை, உரிய அலுவலகத்தில் முன்னரே கேட்டுத் தெளிதல் இன்றியமையாதது.

தனியார் காப்பீட்டின் நிலை வேறு. சொந்தமாக மருத்துவ பாலிசி வைத்திருப்போர் அதனோடு ஆயுஷ்மான் அட்டையையும் பெறலாம். சி.ஜி.எச்.எஸ். பயனாளியும் தனியார் பாலிசி வைத்துக்கொள்ளத் தடையில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிக்கை அளித்து, எஞ்சிய தொகையை விதிகளுக்கு உட்பட்டு சி.ஜி.எச்.எஸ்.-இடம் கோரலாம். இரண்டும் சேர்ந்து மொத்தச் செலவை விஞ்சுதல் கூடாது. ஆகையால் மூலப் பற்றுச்சீட்டுகளை ஒப்படைக்குமுன் நகல் எடுத்துக்கொள்வதும், எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்பதற்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவதும் அவசியம்.

அமெரிக்காவில் நடைமுறை மாறுபடுகிறது. அங்கு ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர், பணிக்காலக் காப்பீட்டைத் தொடர்ந்துகொண்டே 65 வயதில் பொதுத் திட்டமான மெடிகேரிலும் சேரலாம். மெடிகேர் முதலில் செலுத்தும். ஊழியர் காப்பீடு அடுத்து வரும். அங்குள்ள பிள்ளைகள் கூறும் ஆலோசனையை இங்கு அப்படியே கைக்கொள்ளலாகாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

ஓய்வுக்குப் பின் தமிழகத்தில் சொந்த ஊர் திரும்ப எண்ணுவோருக்கும் ஒரு செய்தி. சென்னை, திருச்சி போன்ற சில நகரங்களிலேயே சி.ஜி.எச்.எஸ். மருத்துவ நிலையங்கள் உண்டு. அவை இல்லாத ஊரில் வசிக்கும் மத்திய அரசு ஓய்வூதியர், புறநோயாளிச் செலவுக்கு மாதம் ரூ.1,000 நிலையான மருத்துவப் படியும், மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ். அட்டையும் பெறும் வாய்ப்பு விதிகளில் உள்ளது. முகவரி மாறியதும் இதற்கு விண்ணப்பிக்கலாம். படி வரவாகிறதா என்பதை ஓய்வூதியச் சீட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நோய் வந்தபின் விதிகளைப் படிக்க எவருக்கும் நேரமிராது. எழுபதாம் பிறந்தநாளுக்கு முன்னரே கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து, தம் மாத மருந்துச் செலவு, அருகிலுள்ள மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இணைந்துள்ளது, துணையின் வயது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே தெரிவு பெரும்பாலும் தெளிவாகிவிடும். அட்டைகள், ஓய்வூதிய ஆணை, பாலிசி ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அது இருக்குமிடத்தை வீட்டில் மற்றொருவருக்கும் தெரிவித்து வையுங்கள்.