குளியல் என்றாலே கட்டிலுக்கு அடியில்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையில் பக்கெட் சத்தம் கேட்டால் போதும், எங்கள் ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு கொள்ளும். வெள்ளைப் பாமரேனியன். பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். நாள் முழுக்க என் பின்னாலேயே சுற்றுகிற பிராணி, சீப்பைக் கண்டால் மட்டும் வேறு ஆளாகிவிடும். அவர் முன்னங்கால்களைப் பிடிக்க, நான் தண்ணீரை ஊற்ற, அது அலற, கடைசியில் குளித்தது யார் என்றே தெரியாமல் மூன்று பேரும் நனைந்து நிற்போம்.

ஒரு நாள் வினை வந்தது. அதன் காதுக்குப் பின்னால் விழுந்திருந்த சிக்கை இழுத்து எடுத்துக் கொண்டிருந்தேன். "நானும் சீவறேம்மா" என்று மூன்று வயது மகள் ஓடி வந்து அதன் கழுத்தைக் கட்டிக் கொண்டாள். ஜிம்மி உறுமியது. அடுத்த விநாடி குழந்தையின் முகத்துக்கு நேரே 'லபக்'கென்று பாய்ந்தது. நல்ல வேளை, பல் படவில்லை. ஆனால் எனக்குக் கை கால் நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

அன்றிரவு மாமியார் சொன்னார்: "இதோ பாரும்மா, பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. இன்னிக்குப் பல்லு படலை, நாளைக்குப் பட்டா யார் பதில் சொல்றது? யாருக்காவது குடுத்துடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கடிக்க வந்த நாய் என்று தெரிந்தால் யார் வாங்கிக் கொள்வார்கள்? வீட்டுச் சோறு தின்று வளர்ந்ததைத் தெருவில் விட்டால் எத்தனை நாள் தாங்கும்? "ஒரு மாசம் டயம் குடுங்க அத்தை" என்று கேட்டு வாங்கிக் கொண்டேன். மறுநாளே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன்.

திமிர் இல்லை, வலி!

மருத்துவர் முதலில் சிக்கு விழுந்த இடங்களைக் கத்தரித்துப் பார்த்தார். அடியில் தோல் செவசெவ என்று புண்ணாகியிருந்தது. ஒரு காதும் சீழ் பிடித்திருந்தது. "உங்க தலையில புண்ணு இருக்கிற இடத்துல யாராவது சீப்பை வெச்சு இழுத்தா சும்மா இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே சகோதரிகளே, குளிக்கவோ சீவவோ முரண்டு பிடிக்கிற நாயை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காது, தோல், பல், மூட்டு இவற்றில் வலி இருந்தால், அது தீராமல் எந்தப் பழக்கமும் பலிக்காது.

நாய் முன்கூட்டியே சொல்லும்

நாய் திடீரென்று கடித்துவிட்டது என்போம். அப்படியல்ல. அது பல விதமாகச் சொல்லிப் பார்க்கும். உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். காதைப் பின்னுக்கு மடக்கும். வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக் கொள்ளும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். சில நாய்கள் அசையாமல் விறைத்து நிற்கும். 'ஆகா, சமர்த்தாக நிற்கிறதே' என்று ஏமாந்து விடாதீர்கள், அதுவும் பயம்தான். இவ்வளவுக்கும் நாம் கவனிக்காவிட்டால்தான் உறுமும்.

உறுமினால் அடிக்கவே கூடாது. அடித்தால் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிதான்.

சீப்பு வந்தால் சாப்பாடு வரும்

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கமாக ஓர் ஒலி கேட்டு வந்தால், பிறகு அந்த ஒலி ஒன்றுக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். பயத்தைப் போக்கும் வழியும் அதுதான். சீப்பு, தண்ணீர், நகவெட்டி எது வந்தாலும் பின்னாலேயே ருசியான ஒரு துணுக்கு வர வேண்டும்.

புண் ஆறிய பிறகு நான் தொடங்கினேன். முதல் சில நாள் சீப்பைத் தூரத்தில் காட்டுவேன், உடனே ஒரு துணுக்கு வேகவைத்த கோழி. சைவ வீட்டில் வேகவைத்த காரட்டோ பனீரோ கொடுக்கலாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம், தொடாதீர்கள். பிறகு சீப்பின் முதுகால் தோளை லேசாகத் தொடுவது, துணுக்கு. பிறகு ஒரே ஒரு சீவல், துணுக்கு. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும்.

வரிசையை மாற்றாதீர்கள். சீப்பு முதலில், சாப்பாடு பிறகு. சாப்பாட்டைக் காட்டி ஏமாற்றிப் பிடித்தால், சாப்பாட்டைக் கண்டும் பயப்பட ஆரம்பித்துவிடும். கொடுத்ததைத் தின்ன மறுத்தால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். முந்தின படிக்குத் திரும்பிவிடுங்கள்.

குளிப்பாட்டும்போது

கால் வழுக்குவதே பாதி பயத்துக்குக் காரணம். தரையில் ரப்பர் மிதியடியோ நனைத்த கோணியோ விரியுங்கள். குளிப்பதற்கு முன்பே சிக்கை எடுத்துவிடுங்கள். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும். தண்ணீர் குழந்தைக்கு ஊற்றுகிற இளஞ்சூட்டில் இருக்கட்டும். தலையில் ஊற்றாதீர்கள். பாதம், முதுகு என்று சொம்பால் மெதுவாக ஊற்றி, முகத்தைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

நம் சோப்பு, ஷாம்பு வேண்டாம். நாயின் தோல் வேறு மாதிரி, வறண்டு அரிக்கும். நாய்க்கென்று விற்கிற ஷாம்புவையே வாங்குங்கள். மின்சார உலர்த்தி இரைச்சல் போட்டால் மிரளும். நம் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சொலிகூட அதற்குக் கேட்கும். பழைய டர்க்கி டவலே உத்தமம்.

உண்ணி இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். சுடுவதும் மண்ணெண்ணெய் வைப்பதும் கூடாது.

நகம் வெட்டுவது

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகையால் நுனியை மட்டும் துளித்துளியாக வெட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டினாலும் நஷ்டமில்லை. தப்பித் தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்.

எவ்வளவு செய்தும் பயம் தீராத நாய்களும் உண்டு. அவற்றுக்குக் கால்நடை மருத்துவர் தகுந்த மருந்து தருவார். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

நாயைக் குளிப்பாட்டும்போதும் சீவும்போதும் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். நான் செய்த பெரிய தப்பு அதுதான். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி இலவசம். வெறிநோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. நம்ம வீட்டு நாய்தானே என்று அலட்சியம் காட்டாதீர்கள்.

ஜிம்மி இப்போது...

கேட்ட ஒரு மாதம் போதவில்லை. இரண்டரை மாதமாயிற்று. இப்போது பக்கெட் சத்தம் கேட்டால் ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போவதில்லை. வாசற்படியில் நின்று யோசிக்கும், பிறகு உள்ளே வரும். நகம் மட்டும் இன்னமும் ஒரு நாளைக்கு இரண்டுதான். மகளுக்குத் தூரத்தில் உட்கார்ந்து டவலைப் பிடித்துக் கொள்ளும் வேலை.

மாமியார் எதுவும் சொல்லவில்லை. போன ஞாயிறு நான் சீப்பை எடுத்தபோது, அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தை நீட்டினார். காரட்டைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து வைத்திருந்தார்.