ஆறு மாதத்தில் டென்டல் ஹைஜீனிஸ்ட்?

கடை பூட்டும் நேரம். கெய்சர் வீதியில் புடவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் வர்ணத் துண்டுப் பிரசுரம் ஒன்றுடன் வந்தார். “காக்கா, மகள் ஏ.எல். பயோ முடிச்சிட்டா. இது டென்டல் ஹைஜீனிஸ்ட் கோர்ஸாம். ஆறு மாசம்தான். முடிச்சா லண்டனுக்கும் போகலாமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முற்பணம் கட்டணும்” என்றார்.

எனது மகனுக்கு இப்படியொரு பாடநெறிக்குக் காசு கட்டிக் கைசுட்டவன் நான். சான்றிதழ் இன்றும் அலுமாரியில் கிடக்கிறது. ஆகவே, “இரண்டு நாள் பொறுங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு விசாரித்தேன்.

டென்டல் ஹைஜீனிஸ்ட் பல் வைத்தியருமல்லர், அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் உதவியாளருமல்லர். பல்லில் இறுகிய காறையைச் சுரண்டி எடுப்பதும், முரசைப் பரிசோதிப்பதும், பல் துலக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதும் அவருடைய வேலை. ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் மெல்லிய கருவியை விட்டு மில்லிமீற்றர் கணக்கில் அளக்க வேண்டும். மூன்று வரை பயமில்லை. நான்கு, ஐந்து என்று ஏறினால் முரசு பல்லை விட்டுக் கழல்கிறது என்று அர்த்தம். அளப்பவரின் கை கொஞ்சம் அழுத்தினாலும் கணக்குப் பிழைத்துவிடும். புத்தகம் படித்து வருகிற கை அல்ல அது.

இந்தத் தொழிலைத் தொடக்கியவர் அமெரிக்காவின் பிரிஜ்போர்ட் நகரப் பல் வைத்தியர் அல்பிரட் ஃபோன்ஸ். 1906இல் தனது உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற உறவுக்காரப் பெண்ணுக்குப் பழக்கினார். 1913இல் பாடசாலை ஆரம்பித்தார். 1917இல் நியூமனுக்கு முதலாவது அனுமதிப்பத்திரம் கிடைத்தது. பழக்கம் முதலில், பத்திரம் பிறகு. நமது தையல்காரர்களும் நகைத் தொழிலாளிகளும் அப்படித்தானே வந்தார்கள்!

இன்று அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படிக்க வேண்டும். முன்தேவைப் பாடங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று வருடம் போகும். பிறகு 350 கேள்விகள் கொண்ட தேசிய எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை, அதற்கும் பிறகு மாநில அனுமதிப்பத்திரம். பிரித்தானியாவில் பொதுப் பல் மருத்துவப் பேரவையின் பதிவேட்டில் பெயரில்லாமல் இத்தொழிலைச் செய்வது குற்றம். அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். இதில் ஆறு மாதம் எங்கே வருகிறது?

நமது நாட்டிலும் இதற்கு நெருங்கிய தொழில் ஒன்று உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சையாளர். நியூஸிலாந்து 1921இல் ஆரம்பித்த முறை இது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டு உதவியோடு மகரகமையில் பயிற்சிப் பாடசாலை வந்தது. இவர்கள் பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்வதோடு சொத்தைப் பல்லையும் அடைப்பார்கள். ஆட்களைத் தெரிவு செய்வது சுகாதார அமைச்சு.

மூன்றாம் நாள் நண்பர் வந்ததும் அந்த நிறுவனத்துக்கு என் கடையிலிருந்தே பேசச் சொன்னேன். இரண்டே கேள்விகள். உங்கள் சான்றிதழை எந்த நாட்டுப் பேரவை ஏற்றிருக்கிறது, எழுத்தில் தருவீர்களா? படிக்கும் காலத்தில் மகள் எத்தனை நோயாளிகளின் வாயில் வேலை செய்வாள்? மறுபக்கத்தில் பேசிய பெண்பிள்ளை, “சர்வதேச அங்கீகாரம் இருக்கு சேர்” என்று மூன்று தடவை சொன்னார். நோயாளி பற்றிய கேள்விக்கு மனேஜர் பிறகு பேசுவார் என்றார்.

மனேஜர் பேசவில்லை. வெள்ளிக்கிழமை நண்பர் காசு கட்டவுமில்லை. மகள் இப்போது ஒவ்வொரு வாரமும் வர்த்தமானி பார்க்கிறாளாம்.