சுரங்கத்தில் பத்து நிமிடம்

டிசம்பரில் லில்லெஸ்ட்ரோம் தொடருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கும் இருட்டுத்தான். ஒன்பது மணிப் பரீட்சைக்கு ஒஸ்லோ போகும் மாணவர்கள் மடிக்கணினியும் வீட்டிலிருந்து கட்டிவந்த பாணுமாக மேடையில் நிற்பார்கள். போன வருடம் என் பெறாமகளும் நின்றாள். "சித்தப்பா, படிச்சது எல்லாம் தெரியும். கேள்வியைக் கண்டவுடன ஒண்டும் வருகுதில்லை" என்றாள்.

அது சாட்டு இல்லை. பரீட்சைப் பதற்றத்துக்கு இரண்டு முகம் உண்டு என்று 1967-இலேயே லீபர்ட், மொரிஸ் என்ற உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் ஒன்று. 'பெயிலானால் என்ன செய்வேன்' என்று மனம் அரற்றுவது மற்றது. 562 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ரே ஹெம்ப்ரீ, குறைந்த புள்ளிகளோடு கூடுதலாக ஒட்டிவருவது இந்த அரற்றல்தான் என்று 1988-இல் எழுதினார். யோசிக்கும்போது விஷயங்களைத் தாங்கிப் பிடிக்கும் இடம் மூளையில் மிகச் சிறியது. கவலை அதில் குந்திவிட்டால் படித்தது எங்கே நிற்கும்?

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரே மருந்து: "பயப்பிடாதை, அதை நினையாதை." நானும் அதைத்தான் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் படக்காட்சி பார்க்கச் சொன்னபோது, அடக்கியவர்களுக்கு விவரங்கள் குறைவாகவே நினைவிருந்தன என்று ரிச்சர்ட்ஸ், குரோஸ் இருவரும் 2000-இல் காட்டினார்கள். அடக்குவதும் மூளைக்கு ஒரு வேலை.

எழுதிவிடுவது வேறு. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ராமிரெஸ், பைலொக் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை அப்படியே தாளில் எழுதிய பதற்றக்கார மாணவர்கள் கூடிய புள்ளி எடுத்தார்கள். சம்பந்தமில்லாததை எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். நித்திரையே கெட்டுப்போகும் அளவுக்கு வந்தால், ஒஸ்லோ, ஆகெர்ஸ்ஹூஸ் மாணவர் நலச் சங்கத்தின் ஆலோசகரிடம் போவதுதான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022-இல் நோர்வே முழுவதும் எடுத்த மாணவர் நலக் கணக்கெடுப்பில், மூன்றில் ஒருவர் கடும் மனஉளைச்சல் இருப்பதாகச் சொன்னார்.

லில்லெஸ்ட்ரோமிலிருந்து விரைவு வண்டி சுரங்கத்தால் ஒஸ்லோவுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடும். அடுத்த பரீட்சை நாளில் அவள் அந்தப் பத்து நிமிடமும் எழுதினாள். பின்னேரம் தாளை என்னிடம் தந்தாள். நோர்வேஜிய மொழி. பாடத்தைப் பற்றி ஒரு வரி; மிச்சமெல்லாம் எங்களைப் பற்றி. இங்கே விடையில் பெயர் இருக்காது, பரீட்சார்த்தி எண் மட்டும்தான். 'திருத்துபவருக்கு நான் யாரென்று தெரியாது. கலியாண வீட்டில்தான் எல்லோரும் கேட்பார்கள்' என்று எழுதியிருந்தாள்.