விமானத் தொழில் நமக்கும் எட்டும்

தலைக்கு மேலே விமானம் இரைந்தால் வேலையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பது தோட்டத்தில் நம் வழக்கம். பெரிய விமானங்கள் சிலவற்றின் முக்கியமான பாகம் நம் சிலாங்கூரிலிருந்தே போகிறது என்றால் நம்புவீர்களா?

செரண்டாவில் உள்ள யுஎம்டபிள்யூ ஏரோஸ்பேஸ் தொழிற்சாலை, 2017 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் இயந்திரங்களுக்கு விசிறி உறை செய்து அனுப்புகிறது. அடியில்லாத அண்டா போன்ற வளையம் அது. விட்டம் ஒன்பது அடிக்கும் மேல். போயிங் 787 விமானத்துக்கும் இது போகிறது. உள்ளே சுழலும் விசிறித் தகடு ஒடிந்து தெறித்தாலும் பயணிகள் பக்கம் பாயாமல் இந்த உறை தாங்க வேண்டும். ஆகவே மயிரிழை பிசகும் கூடாது. (விமான டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் வேண்டும். அந்தப் பெருமை ஏற்கனவே நம்முடையது!)

"அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, வாத்தியாரே" என்றார் ஒரு தகப்பனார்.

இல்லை ஐயா. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் சிலாங்கூரிலேயே இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் நன்றாக வர வேண்டும். பழுதுபார்க்கும் கையேடுகள் ஆங்கிலத்தில்தான். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் அங்கேதான். ஐந்தாம் படிவத்தில் விழித்தால் நேரம் போதாது.

அந்தத் தகப்பனார் இப்போது செவ்வாய்தோறும் மாலையில் மகனை ஆங்கிலப் பாடத்துக்கு அனுப்புகிறார். பையன் நாலாம் ஆண்டுதான் படிக்கிறான்.