பழைய பைக் மக்கர் பண்ணுதா? புது லோன் எடுக்கும் முன் இந்த 10 நிமிஷ டெஸ்ட்



காலையில சோக் போட்டாதான் பைக் ஸ்டார்ட் ஆகுது. சிக்னல்ல நின்னா ரேஸ் தானா ஏறுது, இல்லைன்னா ஆஃப் ஆகுது. மெக்கானிக் "கார்புரேட்டரையே மாத்தணும்"னு சொல்றார். வீடு திரும்பும்போது ஷோரூம் கண்ணுல படுது. பல பேருக்கு புது இ.எம்.ஐ. இப்படித்தான் ஆரம்பிக்குது.

முதல்ல கணக்கு. 1 லட்சம் லோன், குறையும் நிலுவைக்கு 10% வட்டி, 36 மாசம்னா, மாசம் சுமார் 3,227 ரூபாய். வட்டி மட்டுமே 16,000 ரூபாயைத் தாண்டும். கையெழுத்து போடும் முன் ஒரு சின்ன ரப்பரைப் பார்த்துடுங்க.

ஏர் லீக்னா என்ன?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வரும் முன் வாங்கிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகள். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேனிஃபோல்டு பல மாடல்களில் ரப்பர்தான். வருஷக்கணக்கா சூடு பட்டு அது வெடிப்பு விடும். கிளாம்ப் லூஸ் ஆகும், ஓ-ரிங் தட்டையாகிடும். அந்த இடுக்கு வழியா கூடுதல் காற்று உள்ளே போகும். பெட்ரோல் அளவு அதேதான், காற்று மட்டும் கூடுது.

அதனால ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் உடனே இறங்காது. சைலன்சரில் 'பட் பட்'னு சத்தம் வரலாம். ஸ்பார்க் பிளக் நுனி வெளுத்துப் போயிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரப்பரை லேசா வளைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம் ஒளிஞ்சிருக்கும்.
2. கிளாம்ப் ஸ்க்ரூவை டைட் பண்ணுங்க. சில சமயம் வேலை இதோட முடிஞ்சுடும்.
3. வெட்டவெளியில வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விடுங்க. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணி எடுத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கொஞ்சமா அடிங்க. ஒரு இடத்துல அடிக்கும்போது மட்டும் இன்ஜின் சத்தம் மாறினா, லீக் அங்கதான். பிளக் கேப் மேல தண்ணி படக்கூடாது.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயோ பெட்ரோலோ அடிச்சுப் பார்க்காதீங்க. சூடான இன்ஜின் பக்கத்துல தீப்பிடிக்கும்.

ஏர் ஃபில்டர் பக்க ரப்பரையும் கண்ணால பாருங்க. அங்க விரிசல் இருந்தா, வடிகட்டாத தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்ச்சுடும்.

செலவு எவ்வளவு?

சாதாரண கம்யூட்டர் பைக்குக்கு மேனிஃபோல்டு ரப்பர், ஓ-ரிங், கூலி எல்லாம் சேர்த்து பொதுவா சில நூறு ரூபாய்தான். ஆனா தள்ளிப்போடாதீங்க. அதிகக் காற்றோட ஓடினா இன்ஜின் சூடேறி, நாளடைவில் பிஸ்டனும் வால்வும் கெடலாம். அப்போ பில் ஆயிரங்களில் வரும்.

எந்த ஜாயின்ட்டிலும் சத்தம் மாறலைன்னா, அடுத்து கார்புரேட்டர் ஜெட் கிளீனிங், வால்வு கிளியரன்ஸ் பார்க்கச் சொல்லுங்க. நீலப் புகை வந்து ஆயிலும் குறைஞ்சா அது வேற பிரச்சினை, இன்ஜின் வேலை. அப்போ பைக்கை வச்சுக்கறதா, விற்கறதான்னு யோசிக்கலாம்.

பழுது எதுன்னு தெரியாம பாகமும் மாத்தாதீங்க, லோனும் எடுக்காதீங்க. ரப்பர் மாத்தியதும் வண்டி சரியாச்சுன்னா, அந்த 3,227 ரூபாயை அடுத்த மாசத்திலிருந்தே ஆர்.டி.யில் போடுங்க. நிஜமாவே புது பைக் தேவைப்படும் நாளில், லோன் தொகை குறையும்.