என்பினுள் ஒரு நாற்றங்கால்

எம் ஊராகிய கூத்தாநல்லூரைச் சூழ்ந்த கழனிகளில், நடவுக்கு முன்னர் உழவர் நாற்றங்காலையே கண்ணுங் கருத்துமாய்ப் பேணுவர். விதை நல்லதாயினும் அதன்மேல் நீர் தேங்கி நிற்பின் முளை அழுகும்; முளை அழுகின் வயல் வெறுமையாம். நம் உடலகத்தும் இத்தகைய நாற்றங்கால் ஒன்றுண்டு. அதுவே எலும்பு மச்சை. குருதியணுக்கள் ஆங்கே பிறக்கின்றன என்பதை 1868-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டு கூறினார். மச்சையிலுள்ள குருத்தணுக்கள் விதைநெல் போல்வன. உயிர்வளியைச் சுமக்கும் செவ்வணு, நோயொடு பொரும் வெள்ளணு, குருதியொழுக்கை நிறுத்தும் தட்டணு ஆகிய யாவும் அவற்றின் வழிவந்தனவே. செவ்வணுக்கள் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பிறக்கின்றன.

இந்நாற்றங்காலை எச்.ஐ.வி. என்னும் வைரஸ் கெடுக்குமாற்றை ஈண்டு நோக்குவோம். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவியார் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் நம் நாட்டில் முதன்முதலாக இவ்வைரஸைக் கண்டறிந்தனர். அவர்கள் திரட்டிய குருதி வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பெற்றது. வெள்ளணுக்களுள் ஒரு வகையை இவ்வைரஸ் அழிப்பது பலரும் அறிந்ததே. ஆயின், நோயாளர் பலர்க்குச் செவ்வணுவும் தட்டணுவும் குன்றுவது ஏன்?

குருத்தணுக்களுள் வைரஸ் புகுவது அரிது. எனினும், தொற்றிய பிற அணுக்கள் வெளிவிடும் வைரஸ் புரதங்கள் அவற்றைச் சூழ்கின்றன. மேலுறைப் புரதமாகிய ஜீபி-120 இளவணுக்களைப் பற்றி, அவை தாமே மாயுமாறு தூண்டுவதை ஆய்வுக்கூடங்களிற் கண்டுள்ளனர். டாட் என்னும் புரதம், வளர்ச்சியைத் தடுக்கும் பொருளை அயலணுக்கள் சுரக்கும்படி செய்கின்றது. நெஃப் என்னும் புரதமோ, இளவணுக்கள் கிளைத்துப் பெருகும் ஆற்றலைக் குறைக்கின்றது. புழு உட்புகாமலே, தேங்கிய நீரால் விதை கெடுவது போன்றது இது.

ஆகவே, குன்றியவர்க்குக் குருதி ஏற்றுதல் மட்டும் போதாது. நாற்றங்காலுக்கு வடிகாலும் வெட்டுதல் வேண்டும். கூட்டு மருந்துகள் வைரஸை அடக்குங்கால் அதன் புரதங்களும் குறைகின்றன. பலர்க்குக் குருதி மீண்டும் ஊறுகின்றது. இம்மருந்துகளை அரசினர் 2004-ஆம் ஆண்டு முதல் இலவசமாக அளித்து வருகின்றனர். அவற்றுள் சிடோவுடின் என்பது தானே மச்சையை மெலிவிக்கக் கூடுமாதலின், மருத்துவர் குருதியைச் சோதித்தே அதனை வழங்குவர்.

மருந்து உளது, ஆயினும் நாணமும் அச்சமும் பலரைச் சோதனைக்கு வாராமல் தடுக்கின்றன. நோயுற்றாரை நாம் இகழாதொழிவோமாயின், அவர் காலத்தே மருத்துவரை அடைவர். முளை அழுகுமுன் நீரும் வடியும்.