மறக்கப்பட்ட கணக்குகள்: பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளும் பணம் பற்றிய கல்வியும்

பிரிட்டனில் 2002 செப்டம்பர் 1ஆம் தேதிக்கும் 2011 ஜனவரி 2ஆம் தேதிக்கும் இடையே பிறந்த பிள்ளைகளின் பெயரில், அந்நாட்டு அரசு சேமிப்பு முதலீட்டுக் கணக்குகளை ஏற்படுத்திக் கொடுத்தது. சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்று பெயரிடப்பட்ட இந்தத் திட்டத்தின் கீழ், ஆரம்பத்தில் பிள்ளை ஒன்றுக்கு 250 பவுண்டுகளும், வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 500 பவுண்டுகளும் வழங்கப்பட்டன. பிள்ளைக்கு 18 வயது நிறையும் வரை அந்தப் பணத்தை எவரும் எடுக்க முடியாது.

முதலாவது கணக்குகள் 2020 செப்டம்பரில் முதிர்வடைந்தன. ஆனால் 2024 செப்டம்பரில் பிரிட்டனின் வரித்துறை வெளியிட்ட தகவலின்படி, 18 வயதைக் கடந்த 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான இளைஞர்கள் தமக்குரிய பணத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கணக்கிலும் சராசரியாகச் சுமார் 2,200 பவுண்டுகள் இருப்பதாகவும் அத்துறை கூறியது.

அப்போதைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் காலத்தில் கொண்டுவரப்பட்ட இத்திட்டத்தின் நோக்கம் பணம் கொடுப்பது மட்டுமல்ல. சேமிப்பின் பயனைப் பிள்ளைகள் உணர வேண்டும், நிதி தொடர்பான கல்விக்கு அந்தக் கணக்கு துணையாக இருக்க வேண்டும் என்பவையும் அதன் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. பணம் கணக்கில் சேர்ந்தது. கல்வி வகுப்பறைக்குப் போய்ச் சேரவில்லை என்பதையே இந்த நிலைமை காட்டுகிறது.

பள்ளிகளில் நடந்தது என்ன?

இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில், குடியுரிமைக் கல்வியின் ஒரு பகுதியாக நிதிக் கல்வி சேர்க்கப்பட்டது. 11 முதல் 14 வயது வரையானவர்களுக்கு வரவு செலவுத் திட்டமிடலும் ஆபத்தைக் கையாள்வதும், 14 முதல் 16 வயது வரையானவர்களுக்குக் கடன், காப்பீடு, சேமிப்பு, ஓய்வூதியம் ஆகியவையும் கற்பிக்கப்பட வேண்டும் என்று அது கூறியது.

எனினும், அகாடமி எனப்படும் தன்னாட்சிப் பள்ளிகளை அந்தப் பாடத்திட்டம் கட்டுப்படுத்தவில்லை. இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. மேலும், குடியுரிமைக் கல்வியைப் பொதுத் தேர்வுக்குரிய பாடமாகத் தெரிவு செய்யும் மாணவர்கள் குறைவு. தேர்வில் இடம்பெறாத பாடத்துக்கு வகுப்பறையில் நேரம் கிடைப்பது அரிது.

கற்பிப்பதால் பயன் உண்டா?

நிதிக் கல்வியால் மாணவர்களின் நடத்தை மாறுமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட ஒரு கட்டுரை, அத்தகைய கல்வியின் தாக்கம் மிகவும் சொற்பம் என்றும், கற்றது காலப்போக்கில் மறந்துபோகிறது என்றும் முடிவு செய்தது. முடிவெடுக்க வேண்டிய தருணத்துக்கு அண்மையில் கற்பிப்பதே பயன்தரும் என்று அது வாதிட்டது.

ஆனால் 2022இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, கட்டுப்பாட்டுக் குழுக்களுடன் ஒப்பிட்டு நடத்தப்பட்ட 76 பரிசோதனைகளை ஆராய்ந்து, நிதிக் கல்வி அறிவையும் நடத்தையையும் மேம்படுத்துகிறது என்று கண்டறிந்தது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விடயம் தெளிவாகிறது. கையில் இல்லாத பணத்தைப் பற்றிய பாடம் மனதில் நிற்பது கடினம். பிரிட்டனில் பல லட்சம் மாணவர்களுக்கு உண்மையான கணக்கு ஒன்று இருந்தது. அந்தக் கணக்கைப் பாடநூலாகப் பயன்படுத்தும் வாய்ப்புத்தான் தவறவிடப்பட்டது.

உதாரணமாக, இந்தக் கணக்குகளில் பங்குச் சந்தையில் முதலிடப்பட்ட ஒரு வகைக்கு, நிர்வாகக் கட்டணமாக ஆண்டுக்கு 1.5 சதவீதம் வரை அறவிடலாம் என்று விதிக்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு இது சிறு தொகை. ஆனால் 1,000 பவுண்டுகள் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் 18 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,850 பவுண்டுகளாகும். கட்டணம் போக 4.5 சதவீதமே வளர்ந்தால் அது சுமார் 2,210 பவுண்டுகள்தான். கூட்டு வட்டியை இவ்வாறு தன் சொந்தப் பணத்தில் கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர், கடன் அட்டையின் வட்டி 24 சதவீதம் எனில் செலுத்தப்படாத கடன் சுமார் மூன்று ஆண்டுகளில் இரு மடங்காகும் என்பதையும் தாமே விளங்கிக்கொள்வார்.

தமிழ்க் குடும்பங்களின் நிலை

குழந்தைகளுக்கான அரச உதவித்தொகையைப் பெறும் உரிமையுடன் அக்காலத்தில் பிரிட்டனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குகள் உண்டு. பெற்றோர் ஓராண்டுக்குள் கணக்கைத் தொடங்காவிட்டால் வரித்துறையே அதனைத் தொடங்கியது. மொத்தக் கணக்குகளில் நான்கில் ஒன்றுக்கும் அதிகமானவை இவ்வாறு தொடங்கப்பட்டவை. குடும்பம் வீடு மாறியிருந்தால், அதுபற்றிய கடிதங்கள் பழைய முகவரிக்கே போயிருக்கக்கூடும்.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு முரண்பாட்டையும் காணலாம். வங்கியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் பெற்றோருக்கு வாசித்துப் பொருள் கூறுவது பிள்ளைதான். ஆனால் வீட்டுக் கடன் எவ்வளவு, ஊருக்கு அனுப்பும் தொகை எவ்வளவு, சீட்டுக்குக் கட்டுவது எவ்வளவு என்பதைப் பேசும்போது அதே பிள்ளை அறைக்கு வெளியே அனுப்பப்படுகிறது. படிக்கிற பிள்ளைக்குக் காசுக் கவலை எதற்கு என்ற அக்கறையே இதற்குக் காரணம் எனலாம்.

உண்மையில், இலங்கைத் தமிழர்களிடையே வழக்கிலுள்ள சீட்டு ஒரு சிறந்த நிதிப் பாடமாகும். 20 பேர் மாதம் 500 பவுண்டுகள் வீதம் கட்டினால் 10,000 பவுண்டுகள் சேரும். முதல் மாதத்திலேயே 1,500 பவுண்டுகள் கழிவு கூறி ஒருவர் அதை எடுத்தால், அவருக்குக் கிடைப்பது 8,500 பவுண்டுகள். ஒவ்வொருவரும் அந்த மாதம் கட்டுவது 425 பவுண்டுகள். முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், இறுதியில் எடுப்பவர் சேமிக்கிறார், அந்தக் கழிவுதான் வட்டி என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளையால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும்.

அதன் ஆபத்தையும் சேர்த்தே விளக்க வேண்டும். பிரிட்டனில் வங்கியொன்று முறிந்தால், 2025 டிசம்பர் முதல் ஒருவருக்கு 1,20,000 பவுண்டுகள் வரையான வைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. சீட்டுப் பிடிப்பவர் தலைமறைவானால் அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

அறியாமையின் விலை பணம் மட்டுமல்ல. ஒரு சிறு தொகைக்காகத் தமது வங்கிக் கணக்கின் வழியே பிறரது பணத்தைக் கடத்த இடமளிக்கும் பதின்ம வயதினர், பணச் சலவைக் குற்றத்துக்கு உள்ளாகலாம். அதற்குரிய அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறையாகும்.

செய்யக்கூடியது என்ன?

சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் கணக்கு எந்த நிறுவனத்தில் உள்ளது என்பதைத் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து வரித்துறையின் மூலம் கட்டணமின்றி அறியலாம். பணம் வாங்கிக்கொண்டு தேடித் தருவதாகக் கூறும் நிறுவனங்களின் உதவி இதற்குத் தேவையில்லை. 16 வயதான பிள்ளை கணக்கின் நிர்வாகத்தைத் தானே ஏற்கவும் முடியும். அதன்பின் பிறந்தவர்களுக்கு, 2011 நவம்பரில் அறிமுகமான ஜூனியர் ஐசா கணக்கைப் பெற்றோர் தொடங்கலாம். ஆனால் அதில் அரசின் பங்களிப்பு இல்லை.

இங்கிலாந்தின் பாடத்திட்டம் குறித்த மீளாய்வு அறிக்கை 2025 நவம்பரில் வெளியானதைத் தொடர்ந்து, நிதியறிவை உள்ளடக்கிய குடியுரிமைக் கல்வியை ஆரம்பப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. புதிய பாடத்திட்டம் 2028 செப்டம்பரில் தொடங்கும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது.

சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் கணக்குகளில் இறுதியானவை 2029 ஜனவரியில் முதிர்வடைகின்றன. அதாவது, புதிய பாடங்கள் வகுப்பறைக்கு வரும்போது, அரசு பணம் கொடுத்த அந்தத் தலைமுறையின் கடைசி மாணவர்களும் பள்ளிக் கல்வியின் இறுதி ஆண்டில் இருப்பார்கள். அவர்களுக்கான பாடத்தை இனி வீட்டில்தான் நடத்த வேண்டியிருக்கும்.